தையல் போட்ட வயிறும் தண்ணீர் பயமும்

அம்மாவுக்குக் கர்ப்பப்பையை எடுத்து வீட்டுக்குக் கூட்டி வந்ததிலிருந்து, பார்க்க வந்தவர்கள் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: "தண்ணி பட்டுடாம பாத்துக்கோ, சீழ் வச்சிரும்." அத்தை ஒரு படி மேலே போய் முட்டை, கத்திரிக்காய், புளி எதுவும் கூடாது என்று பத்தியமும் போட்டுவிட்டார். புண் ஆற புரதம் வேண்டும், முட்டையை நிறுத்தினால் எப்படி?

தண்ணீருக்கு இவ்வளவு பயம் தேவையில்லை. கீறித் தைத்த இடத்தின் விளிம்புகள் சுமார் 48 மணி நேரத்தில் மேல்தோல் அளவில் ஒட்டிக்கொள்ளும், வெளிக்கிருமி உள்ளே போகாமல் கட்டு காப்பது முக்கியமாக அதுவரைதான். அப்புறம் டாக்டர் சரி என்றால் நின்றபடி குளித்து, தேய்க்காமல் சுத்தமான துண்டால் ஒற்றி எடுத்தால் போதும். எனக்கென்னவோ வியர்வையில் ஊறிய பஞ்சை அப்படியே ஒட்டி வைத்திருப்பதுதான் பயம். மருந்துக்கடையில் வெள்ளி கலந்த, விலை கூடிய பிளாஸ்டர் ஒன்றைக் காட்டினார்கள். தைத்து மூடிய புண்ணில் தொற்றைத் தடுக்க சாதாரணக் கட்டே போதும் என்று உலக சுகாதார நிறுவனம் 2016லேயே சொல்லியிருக்கிறது, வாங்கவில்லை.

உண்மையில் பல தொற்றுக்கு விதை ஆபரேஷன் மேஜையிலேயே விழுந்துவிடுகிறது, நம் தோலிலும் குடலிலும் இருக்கும் கிருமிகளே போதும். முன்பெல்லாம் முதல் நாள் ராத்திரியே பிளேடோடு ஒருவர் வந்து வயிற்றை மழித்துவிட்டுப் போவார். பிளேடு விடும் பொடிக் கீறல்களில் கிருமி பெருகும் என்பதால் இப்போது அது வேண்டாம் என்கிறார்கள், முடியை எடுத்தே ஆக வேண்டுமென்றால் கிளிப்பர்தான். வயிற்றை மூடுவதற்கு முன் கையுறையையும் கருவிகளையும் மாற்றிப் பார்த்த ஆய்வு ஒன்று 2022இல் வந்தது, இந்தியா உட்பட 7 நாடுகள், 13,000 பேருக்கு மேல். மாற்றாத இடத்தில் தொற்று 18.9 சதவீதம், மாற்றிய இடத்தில் 16. இவ்வளவு எளிய வேலைக்கு இது பெரிய பலன்.

வீட்டில் நம் கையில் இருப்பது சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது, கையைக் கழுவுவது, தினமும் புண்ணைப் பார்ப்பது. (பார்க்க வந்தவர்கள் "எங்க காட்டு" என்று விரலை நீட்டுவதைத் தடுப்பதும்தான், அதுதான் பெரும்பாடு.) தையல் துளைகளைச் சுற்றி லேசான சிவப்பு இருக்கும். நான் அதன் ஓரத்தில் பால்பாயிண்ட் பேனாவால் கோடு போட்டு வைத்தேன், சிவப்பு கோட்டைத் தாண்டினால் டாக்டருக்குப் போன். குறைந்துவந்த வலி திரும்ப ஏறினாலோ, காய்ச்சல், நாற்றம், சீழ் இருந்தாலோ அதேதான்.

இதில் அதிகம் பேர் கவனிக்காதது ஒன்று. ஒரு வாரம் கழித்து, சீழே இல்லாமல், இளஞ்சிவப்புத் தண்ணீர் திடீரென்று கட்டை நனைத்தால் உள்தையல் விட்டிருக்கலாம். தையல் பிரிக்கும் தேதி வரட்டும் என்று காத்திருக்காமல் உடனே ஓட வேண்டும்.

கட்டை எடுத்துவிட்டாலும், ஆபரேஷன் நாளிலிருந்து 30 நாள் வரை வருவதை ஆபரேஷன் தொற்று என்றே கணக்கில் சேர்க்கிறார்கள், குடலிறக்கத்துக்கு வலை வைத்திருந்தால் 90 நாள். அதுவரை டிஸ்சார்ஜ் சீட்டைக் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள், ராத்திரியில் வேறு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டி வந்தால் முதலில் கேட்பது அதைத்தான்.