ஓஜி தேர்வு: பிளசென்டா கேள்வி வந்தால் எஸ்எஃப்எல்டி-1-ஐ விடாதீர்கள்

ரிசல்ட் வந்து மூச்சு விட்டாச்சு. மதுரை மெடிக்கலில் அடுத்து ஓஜி, அதாவது மகப்பேறு-மகளிர் மருத்துவத் தேர்வு எழுதப்போகும் ஜூனியர்களுக்கு இது.

"வளர்ச்சிக் காரணிகளும் பிளசென்டாவும்" என்று கேட்டால் இஜிஎஃப், ஐஜிஎஃப், டிஜிஎஃப்-பீட்டா என்று பெயர்களை அடுக்கி ஆளுக்கொரு வரி எழுதுவார்கள். மார்க் விழாது. எஸ்எஃப்எல்டி-1-ஐப் பிடியுங்கள், மற்றதெல்லாம் பிறகு. பிளசென்டா (நஞ்சுக்கொடி) தாயின் ரத்தத்தில் விடும் புரதம் இது; ப்ரீ-எக்லாம்ப்சியாவை (கர்ப்பத்தில் பிரஷர் ஏறி, சிறுநீரில் ஆல்புமின் போகும் நோய்) விளக்குவது இதுதான்.

முதலில் ஸ்பைரல் தமனி (கருப்பையிலிருந்து பிளசென்டாவுக்கு ரத்தம் தரும் குழாய்) படம் இரண்டு. நார்மலில் ட்ரோபோபிளாஸ்ட் (பிளசென்டாவின் செல்கள்) மயோமெட்ரியத்தின் (கருப்பைத் தசை) உட்புற மூன்றில் ஒரு பங்கு வரை ஊடுருவும், தசைச்சுவர் போய்க் குழாய் அகலும். ப்ரீ-எக்லாம்ப்சியாவில் டெசிடுவாவோடு (கர்ப்பகாலக் கருப்பை உள்படலம்) நின்றுவிடும், குழாய் குறுகலாகவே இருக்கும். ரத்தம் போதாத பிளசென்டா எஸ்எஃப்எல்டி-1-ஐக் கொட்டும். இது விஇஜிஎஃப் (ரத்தக்குழாய் வளர்ச்சிக் காரணி) ரிசெப்டரின் இன்னொரு வடிவம். சவ்வில் பதியும் பகுதி இல்லாததால் ரத்தத்தில் சுற்றி விஇஜிஎஃப், பிஎல்ஜிஎஃப் (பிளசென்டா வளர்ச்சிக் காரணி) இரண்டையும் கவ்விக்கொள்ளும். தாயின் எண்டோதீலியம் (ரத்தக்குழாய் உள்படலம்) பட்டினி: பிரஷர் ஏறும், சிறுநீரக வடிகட்டியான குளோமெருலஸ் வீங்கி ஆல்புமின் ஒழுகும். ரிசெப்டர் உடைந்து வருவதாக எழுத வேண்டாம். முக்கியமாக எம்ஆர்என்ஏ மாற்றி வெட்டி ஒட்டப்படுவதால் வருவது.

வைவா இதிலிருந்துதான்:
- ட்ரைசோமி 13-ல் (குழந்தைக்கு 13-வது குரோமோசோம் மூன்று) ஏன் ப்ரீ-எக்லாம்ப்சியா அதிகம்? எஸ்எஃப்எல்டி-1-க்கான ஜீன் 13-வது குரோமோசோமில்.
- 20 வாரத்துக்கு முன்பே ப்ரீ-எக்லாம்ப்சியா வந்தால்? மோலார் கர்ப்பம் (கரு சரியாக உருவாகாமல் பிளசென்டா திசு பெருகுவது) பாருங்கள்.
- பெவாசிஸுமாப் போட்ட கேன்சர் நோயாளிக்கு ஏன் பிரஷரும் ஆல்புமினும்? அதுவும் விஇஜிஎஃப்பைத்தான் அடைக்கிறது.

ஐஜிஎஃப்-2-க்கு ஒரு வரி போதும்: அப்பா வழி ஜீன் மட்டும் வேலை செய்யும், பிளசென்டாவை வளர்க்கும். குழந்தை வளர்ச்சிக் குறைவிலும் பிஎல்ஜிஎஃப் இறங்கும் என்பதைச் சேர்த்துவிடுங்கள்.

எண்கள்: எஸ்எஃப்எல்டி-1, பிஎல்ஜிஎஃப் விகிதம் 38 அல்லது கீழே என்றால் ஒரு வாரத்துக்குள் ப்ரீ-எக்லாம்ப்சியா வர வாய்ப்பு மிகக் குறைவு. அதற்கு மேல் போனாலே நோய் உறுதி என்று எழுதுபவர்கள் மாட்டுவது இங்கேதான். நோய் இருப்பதைக் காட்டும் எல்லை 34 வாரத்துக்கு முன் 85, அதற்குப் பின் 110.

11-14 வாரத்தில் பிஎல்ஜிஎஃப், சராசரி தமனி அழுத்தம், யூட்டரின் டாப்ளர் (கருப்பைத் தமனி ரத்த ஓட்ட ஸ்கேன்) மூன்றும் சேர்த்து ரிஸ்க் பார்த்து, ரிஸ்க் அதிகமானவர்களுக்கு இரவில் ஆஸ்பிரின் 150 மி.கி., 36 வாரம் வரை. 2017-ல் வந்த ஆஸ்ப்ரே ஆய்வில் 37 வாரத்துக்கு முந்தைய ப்ரீ-எக்லாம்ப்சியா 4.3 சதவீதத்திலிருந்து 1.6 ஆனது. உசிலம்பட்டியிலிருந்து 34 வாரத்தில் கால் வீக்கத்தோடு வந்த கேஸில் ஆஸ்பிரினை ஆரம்பிக்கச் சொல்லாதீர்கள், தமனி மாறும் காலம் முடிந்துவிட்டது.

பிளசென்டா வெளியே வந்த பிறகும் எஸ்எஃப்எல்டி-1 உடனே மறையாது. பிரசவத்துக்குப் பின் 24 மணி நேரம் மக்னீசியம் சல்பேட் ஏன் என்று கேட்டால், பிரசவத்துக்குப் பிறகும் வலிப்பு வரலாம் என்பதோடு இதையும் சொல்லுங்கள்.