அம்மான்னா டயர்டாத்தான் இருக்கணுமா?

செல்ஃப் கேர்னு தேடினா வர்றதெல்லாம் ஃபேஸ் பேக், வெந்நீர் குளியல், தனியா உக்காந்து புக் படிங்க, இதுதான். கிடைச்சா நல்லாத்தான் இருக்கும், வேணாம்னு யாரு சொல்லுவா. ஆனா ராத்திரி பூரா விட்டு விட்டு முழிச்சிருந்த ஒருத்திகிட்ட போய் காலைல அரை மணி நேரம் முன்னாடியே எந்திரிச்சு மெடிடேஷன் பண்ணுன்னு சொன்னா அது எப்படிங்க? அவளுக்கு வேண்டியது அந்த அரை மணி நேர தூக்கம்.

நான் முக்கியமா சொல்ல வர்றது ஒண்ணுதான், அம்மாவானா சோர்வா இருக்குறது சகஜம்னு எல்லாரும் சொல்லி சொல்லி நாமளும் நம்பிட்டோம். எந்த சோர்வுக்கும் ஒரு காரணம் இருக்கு, அதை தேடிப் பாக்கணும்.

முதல்ல தூக்கம். பெரியவங்களுக்கு ஏழு மணி நேரமாவது வேணும், கைக்குழந்தை இருந்தா அது நடக்காது, சரி. ஆனா துண்டு துண்டா தூங்குறதை விட நாலு மணி நேரமாவது சேர்ந்தாப்ல தூங்குறது எவ்வளவோ மேல், ஏன்னா ஆழ்ந்த தூக்கம் பெரும்பாலும் தூங்க ஆரம்பிச்ச முதல் சில மணி நேரத்துலதான் வரும். ராத்திரியை ரெண்டா பிரிச்சு ஆளுக்கு ஒரு பாதின்னு எடுத்துக்கலாம், தாய்ப்பால் குடுக்குறவங்கன்னா பால் குடுத்து முடிச்சதும் ஏப்பம் எடுக்க வைக்கிறது, டயபர் மாத்துறது, திரும்ப தூங்க வைக்கிறது எல்லாம் இன்னொருத்தர் பாத்துக்கட்டும். பிள்ளைங்க தூங்கினப்புறம் ரொம்ப நேரம் ஃபோன் பாக்குறதை நான் குறை சொல்ல மாட்டேன், நாள் பூரா நமக்குன்னு கிடைக்கிற நேரம் அது ஒண்ணுதானே. அந்த நேரத்தை பகல்லயே யாராவது நமக்கு குடுக்கணும், தூக்கத்துலேந்து எடுக்குற மாதிரி ஆகக்கூடாது.

நல்லா தூங்கியும் அசதி போகலையா, ரத்தம் டெஸ்ட் பண்ணிப் பாருங்க ப்ளீஸ். கர்ப்பமா இல்லாத பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12க்கு கீழ இருந்தா ரத்தசோகைன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. அது நார்மலா இருந்தாலும் உடம்புல இரும்புச்சத்து சேமிப்பு குறைஞ்சிருக்கலாம், அதுக்கு ஃபெரிட்டின்னு தனி டெஸ்ட். மாடி ஏறினா மூச்சு வாங்குறது, ஐஸ் கட்டியா கடிச்சு சாப்பிடணும்னு தோணுறது இதெல்லாம் கூட அதோட அறிகுறியா இருக்கலாம். இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் குடுத்தா டீ காபியோட போடாதீங்க, உடம்புல சரியா சேராது. அப்புறம் தைராய்டு. பிரசவம் ஆன ஒரு வருஷத்துக்குள்ள சிலருக்கு தைராய்டுல வீக்கம் வந்து, முதல்ல படபடப்பு, பிறகு ஒரேடியா அசதின்னு மாறும், பாக்குறவங்க எல்லாரும் குழந்தை வளக்குற டென்ஷன்னு சொல்லிட்டு போயிடுவாங்க.

சின்ன வலின்னு தள்ளிப் போடுறதும் நெறைய இருக்கு. குழந்தையை அக்குளுக்கு கீழ கை குடுத்து கட்டைவிரலை விரிச்சு தூக்கி தூக்கி, மணிக்கட்டுல கட்டைவிரல் பக்கமா சுருக்குன்னு வலிக்கும் பாருங்க, பாட்டில் மூடி கூட திறக்க முடியாது. ஒரு உள்ளங்கையை குழந்தையோட இடுப்புக்கு கீழயும் இன்னொண்ணை முதுகுலயும் குடுத்து அள்ளித் தூக்கினா அங்க இருக்குற தசைநாணுக்கு, அதாவது தசையை எலும்போட சேக்குற நாருக்கு, இழுவை குறையும். தும்மினா, சிரிச்சா யூரின் லீக் ஆகுறதும் நெறைய பேருக்கு இருக்கு, வெளிய சொல்றதில்ல. அதுக்கு இடுப்புத்தள தசைப் பயிற்சி இருக்கு, யூரினை அடக்கும்போது இறுக்குற தசையை ஒரு தடவைக்கு எட்டு முறையாவது இறுக்கி விடுறது, நாளைக்கு மூணு வேளை, மூணு மாசம் விடாம. சரியா பண்றோமான்னு ஒரு தடவை பிசியோதெரபிஸ்ட் கிட்ட கேட்டுக்கிட்டா நல்லது. எக்சர்சைஸுக்கு வாரத்துக்கு 150 நிமிஷம்னு சொல்றதைக் கேட்டு பயந்துடாதீங்க, ஒரே மூச்சுல பத்து நிமிஷம் பண்ணாத்தான் கணக்குன்னு முன்னாடி இருந்ததை 2020ல உலக சுகாதார நிறுவனமே எடுத்துட்டாங்க. அஞ்சு நிமிஷ வேக நடையும் கணக்குலதான் வரும்.

மனசு விஷயத்துல எனக்கு ரொம்ப கவலையே உண்டு. பிரசவத்துக்கு அப்புறம் காரணமே இல்லாம அழுகை வர்றது ரெண்டு வாரத்துக்குள்ள தானா போயிடும். அதையும் தாண்டி எதுலயும் சந்தோஷமே இல்ல, குழந்தை தூங்கினாலும் நமக்கு தூக்கம் வரல, சின்ன விஷயத்துக்கெல்லாம் கோபம் பொத்துக்கிட்டு வருதுன்னா டாக்டர்கிட்ட சொல்லணும். கோபமும் டிப்ரஷனோட முகம்தான், அழுதாத்தான் டிப்ரஷன்னு இல்ல. பால் குடுக்கும்போது எடுத்துக்கக்கூடிய மருந்தும் இருக்கு. உயிரோட இருக்க வேணாம்னு தோணுச்சுன்னா மட்டும் நாளைக்குன்னு தள்ளாம அன்னைக்கே யார்கிட்டயாவது சொல்லிடுங்க.

இன்னொண்ணு, தலைக்குள்ள ஓடிக்கிட்டே இருக்குற வேலை. படுத்தாலும், ஷூ இறுக்கமாயிடுச்சே, நகம் வெட்டல, ஃபார்ம்ல கையெழுத்து போடலன்னு ஓடும். "என்ன செய்யணும்னு சொல்லு, ஹெல்ப் பண்றேன்"னு வீட்டுல சொன்னா ஞாபகம் வச்சு சொல்ற வேலை மறுபடி நம்ம தலையிலதான். ஒரு வேலையை முழுசா குடுத்துடுங்க. தடுப்பூசின்னா தேதி பாக்குறது, கார்டு எடுத்துட்டு போறது, அன்னைக்கு ராத்திரி காய்ச்சல் வந்தா பாக்குறது வரைக்கும் அவர் பொறுப்பு. அவர் செய்யுற விதம் வேற மாதிரி இருக்கும், பின்னாடியே நின்னு திருத்தாதீங்க. தனியா பிள்ளை வளக்குற அம்மாக்களுக்கு குடுக்க ஆளே இல்லைன்னு தெரியும், அவங்க எதைக் கைவிட்டாலும் யாரும் குறை சொல்லக்கூடாதுன்னுதான் நான் நினைக்கிறேன். துணி மடிக்கலைன்னா என்ன இப்போ.

அடுத்த தடவை குழந்தையை காட்ட போறப்ப உங்களுக்கும் ஒரு அப்பாயின்ட்மென்ட் போடுங்க. சும்மா டயர்டா இருக்குன்னு மட்டும் சொல்லாம எப்போலேந்து, எத்தனை மணி நேரம் தூக்கம், பீரியட்ஸ்ல எவ்வளவு போகுது, முடி கொட்டுதா, எடை மாறியிருக்கா எல்லாத்தையும் ஃபோன்லயே எழுதிட்டு போங்க, உள்ள போனதும் பாதி மறந்துடும்.