வெள்ளம் குடித்த சைலன்சர்

எங்கள் வீட்டு ஸ்பிளெண்டர் 2001-ஆம் ஆண்டு வாங்கியது. பதினைந்து ஆண்டுகள் முடிந்ததும் 2016-இலும், அதன்பின் 2021-இலும் பதிவைப் புதுப்பித்தாயிற்று; ஐந்தாண்டுக் கணக்கில் இந்த ஆண்டு மறுபடியும் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு வண்டியைக் கொண்டுபோய்க் காட்டியாக வேண்டும். அதற்கு முன்னதாகப் புகைச் சான்றிதழ் வாங்க, திருநெல்வேலியில் எங்கள் பக்கத்து வண்ணார்பேட்டைக்குப் போயிருந்தேன். சோதனைக் குழலைச் சைலன்சருக்குள் செருகிய பையன், கருவி காட்டிய எண்ணைப் பார்க்காமல், குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தான். “ஓட்டை கெடக்கு சார். இது காட்டுத கணக்க நம்ப முடியாது” என்றான். 2000-க்குப் பின் வந்த, இதுபோன்ற பழைய இருசக்கர வண்டிகளுக்குக் கார்பன் மோனாக்சைடு 3.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஓட்டை வழியாக வெளிக்காற்று கலந்துவிட்டால் அந்த எண் உண்மையைவிடக் குறைத்தே காட்டும். குறைத்துத்தானே காட்டுகிறது, எழுதிக் கொடு தம்பி என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது, கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து வண்டியைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்து, சைலன்சரின் அடிவயிற்றில் ஸ்க்ரூ டிரைவரால் லேசாகக் குத்திப் பார்த்தேன். வெளியே குரோம் பூச்சு பளபளப்பாக இருந்த இடத்தில் அது அப்பளத்துக்குள் போவதுபோல் உள்ளே இறங்கியது. வெளியிலிருந்து துரு ஏறியிருந்தால் எப்போதோ கண்ணில் பட்டிருக்கும். இது உள்ளிருந்து அரித்துக்கொண்டு வந்தது.

காரணங்கள் இரண்டு. முதலாவது, 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழை. தாமிரபரணி கரைமீறி மீனாட்சிபுரத்துத் தெருக்களுக்குள் வந்தபோது வண்டி இருக்கை வரை தண்ணீரில் நின்றது. வடிந்த பிறகு நான் கிக்கரைத் தொடவில்லை. சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது உதைத்தால், பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடக்கூடும் என்பது தெரிந்திருந்தது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, ஆயிலை இரண்டு முறை மாற்றி, கார்புரேட்டரைக் கழுவி எல்லாம் செய்தேன். சைலன்சரை மட்டும், வண்டியைத் தூக்கிப் பின்பக்கமாகச் சாய்த்துத் தண்ணீரை வடித்ததோடு விட்டுவிட்டேன். வடிந்தது தண்ணீர், வண்டல் உள்ளேயே தங்கிவிட்டது.

இரண்டாவது காரணம் என் அன்றாட ஓட்டம். வீட்டிலிருந்து சுலோசன முதலியார் பாலத்தைத் தாண்டி அலுவலகம் வரை இரண்டு மூன்று கிலோமீட்டர்தான். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளிவருகிறது. நீண்ட தூரம் ஓடினால் சைலன்சர் நன்றாகச் சூடேறி அந்த ஆவி முழுவதும் பின்வழியே போய்விடும். பாலத்தைத் தாண்டியதும் நிறுத்தினால், ஆறிய இரும்பில் அது நீராகப் படிந்து, புகையிலுள்ள அமிலத்தோடு சேர்ந்து அடியில் தேங்கும். அதற்கென்றே சைலன்சரின் பின்பகுதியில் கீழே ஒரு சிறு துளை இருக்கும். என் வண்டியில் வண்டல் அந்தத் துளையையும் அடைத்திருந்தது.

இதற்கிடையில் ஒரு வீண் செலவையும் சொல்ல வேண்டும். நான்கைந்து மாதங்களாகவே ஆக்ஸிலேட்டரை விடும்போதெல்லாம் டப் டப் என்று வெடித்துக்கொண்டிருந்தது. ஒரு பட்டறையில் காட்டியதற்குக் கார்புரேட்டர்தான் காரணம் என்று சொல்லி, அதைக் கழற்றி மாட்டிப் பணம் வாங்கினார்கள், வெடிப்பு நிற்கவில்லை. சைலன்சரின் பின்பகுதியில் விழும் ஓட்டை சத்தத்தைத்தான் கூட்டும். ஆக்ஸிலேட்டரை விடும்போது வெடிக்கிறது என்றால், என்ஜினின் தலைப்பகுதியான ஹெட்டோடு குழாய் சேரும் இடத்தில், இடைவெளியை அடைக்கும் கேஸ்கட் வளையம் கசிந்து, அங்கே காற்று உள்ளே இழுபட்டு, எரியாமல் மிஞ்சிய பெட்ரோல் குழாய்க்குள் தீப்பிடிக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். என் வண்டியில் இரண்டு கோளாறும் இருந்தன.

சைலன்சர் வாங்குவதில் கவனிக்க வேண்டியது அதிகமில்லை. ஸ்பிளெண்டரில் முன்குழாயும் சைலன்சரும் ஒரே துண்டாக வருவதால் பாதியை மட்டும் மாற்ற வழியில்லை. 2020 ஏப்ரலுக்குப் பின் பி.எஸ். 6 என்ற புதிய புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த வண்டியின் சைலன்சர், பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றினாலும், சென்சாருக்கான துளையோடு வருவது. பழைய வண்டிக்கு அதை வாங்கிவிடக் கூடாது. கடைப்பையன் “சத்தம் நல்லா வரும்” என்று வேறொன்றை எடுத்துக் காட்டினான். சத்த வரம்பை மீறினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவில் பத்தாயிரம் ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ விதிக்க இடமிருக்கிறது என்பது ஒருபுறமிருக்க, பதிவைப் புதுப்பிக்கப் போகிற வண்டியில் அதை மாட்டுவது வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்வதாகும்.

மாட்டுவது அரைமணி நேர வேலை. கழற்றுவதற்குத்தான் ஐந்து நாட்கள் ஆயின.

ஹெட்டிலிருந்து நீளும், தலையில்லாத போல்ட் போன்ற இரண்டு ஸ்டட்களில் இரண்டு நட்டுகள்தான் முன்குழாயைப் பிடித்திருக்கின்றன. ஆறு மில்லிமீட்டர் ஸ்டட், பத்தாம் நம்பர் ஸ்பேனர். இருபத்தைந்து ஆண்டு வெப்பமும் ஒரு வெள்ளமும் அவற்றை ஒரே இரும்பாக்கியிருந்தன. மூன்று நாட்கள் காலையும் மாலையும் துருநீக்கி எண்ணெய் அடித்தேன். நாலாம் நாள், வண்டியைப் பத்து நிமிடம் ஓட்டி ஹெட்டைச் சூடாக்கிக்கொண்டு, ரிங் ஸ்பேனரைப் போட்டு, முதலில் இறுக்கும் திசையில் ஒரு நூல் அசைத்து, பிறகு திருப்பினேன். இடப்பக்க நட்டு கீச்சென்று முனகியபடி வந்துவிட்டது. அந்தத் தைரியத்தில் வலப்பக்க நட்டுக்கு ஸ்பேனரின் வாலில் ஒரு குழாயைச் செருகி நெம்பினேன். சற்று நேரம் கை இளகியதுபோல் இருந்தது, நட்டு கழல்கிறது என்று மகிழ்ந்தேன். அது கழலவில்லை, ஸ்டட் முறுக்கிக்கொண்டிருந்தது. டிக்கென்ற சிறிய சத்தத்தோடு ஒடிந்து, நட்டு ஸ்பேனரோடு கையில் வந்தது. ஹெட்டுக்கு வெளியே கால் அங்குலம்தான் மிச்சம்.

பேட்டையில் லேத் பட்டறை வைத்திருக்கும் அண்ணாச்சியிடம் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனேன். அவர் பார்த்துவிட்டு, “வால்ல கொழாயப் போட்டு நெம்புனியளோ?” என்று மட்டும் கேட்டார். டிரில் போட்டு எடுத்துவிடலாமா என்றேன். எஃகு ஸ்டட்டைத் துளைக்கப் போனால் பிட் வழுக்கிப் பக்கத்திலுள்ள மிருதுவான அலுமினியத்துக்குள் இறங்கிவிடும், அதன்பின் மரையே இருக்காது என்று சொல்லிவிட்டு, முதலில் பேட்டரி வயரைக் கழற்றினார். வெல்டிங் மின்சாரம் வண்டியின் மின்சாதனங்களைச் சுட்டுவிடாமல் இருக்க அது தேவையாம். பிறகு ஒரு பெரிய நட்டை மிச்சமிருந்த துண்டின்மேல் வைத்து, அதன் துளைக்குள்ளேயே வெல்டிங் வைத்து இரண்டையும் ஒன்றாக்கினார். சிவப்பு மறைந்து கறுக்கும் வரை ஒரு டீ குடிக்கிற நேரம் காத்திருந்தார். அலுமினியம் சூட்டில் எஃகைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு விரியும். வெல்டிங்கின் சூட்டிலும் ஆறுதலிலும் மரையின் பிடி தளர்ந்துவிடுகிறது. ஸ்பேனரைப் போட்டு முன்னும் பின்னும் பொடிப்பொடியாக அசைத்தார். நான்காவது அசைவில் துண்டு முழுசாகத் திரும்பி வெளியே வந்தது. மரையில் ஒரு சுற்றுக்கூடச் சேதமில்லை. இடப்பக்கத்து ஸ்டட்டையும் அதோடு மாற்றிவிடச் சொன்னேன்.

பழைய சைலன்சரை இரும்புக் கடைக்குப் போடுமுன் நீளவாக்கில் அறுத்துக் காட்டும்படி அண்ணாச்சியைக் கேட்டுக்கொண்டேன். உள்ளே தடுப்புத் தகடுகளும் அவற்றின் ஊடே செல்லும் சிறு குழாய்களும் இருந்தன. பின் அறையின் அடியில், வெள்ளம் விட்டுப்போன ஆற்று வண்டல், இரண்டு ஆண்டுப் புகைச் சூட்டில் காய்ந்து இறுகி, விரல் தடிமனில் செம்பழுப்பு ஓட்டுத்துண்டாக ஆகியிருந்தது. சுத்தியலால் தட்டினால் செங்கல்போல் உடைந்தது. ஒரு துண்டை எடுத்து வைத்திருக்கிறேன்.

புதியதை வீட்டில் நானே மாட்டினேன். பழைய கேஸ்கட் வளையத்தின் மிச்சத்தைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதியதை வைக்க வேண்டும். ஒருமுறை நசுங்கிய வளையம் மறுபடி அடைப்பதில்லை. வளையம் கீழே விழாமலிருக்கத் துளி கிரீஸ் தடவி ஒட்டவைத்தேன். முன்னால் இரண்டு நட்டு, பின்னால் சட்டத்தோடு பிடிக்கும் போல்ட், மூன்றையும் முதலில் விரலாலேயே ஏற்றிக்கொண்டு, பிறகு முன் நட்டுகளை மாறி மாறிக் கால் சுற்றாக இறுக்கி, பின் போல்ட்டைக் கடைசியில் இறுக்கினேன். பின்பக்கத்தை முதலில் இறுக்கினால் குழாய் ஹெட்டில் நேராக உட்காராது. கை எண்ணெய்த் தடம் சூட்டில் குரோமில் கறையாகப் பதிந்துவிடும் என்பதால், துணியால் முழுவதும் துடைத்த பின்னரே உதைத்தேன்.

முதல் ஐந்து நிமிடம் புகையாக வந்தது. புதுச் சைலன்சரில் தடவியிருக்கும் எண்ணெய் எரிவதுதான். ஆனால் உள்ளிருந்து ஆச்சி “வண்டி தீப்பிடிச்சிட்டாடே” என்று கத்திக்கொண்டே வாளியோடு ஓடிவந்துவிட்டார். புகை அடங்கியதும் ஈரத்துணியைச் சுருட்டிப் பின்வாயை நொடிநேரம் அடைத்துப் பார்த்தேன். முன்பக்கத்தில் சீறல் எதுவும் கேட்கவில்லை, என்ஜின் திணறி நின்றது. எங்காவது பெரிதாகக் கசிந்திருந்தால் அது அவ்வளவு எளிதில் நின்றிருக்காது. நான்கு நாட்கள் ஓட்டியபின் நட்டுகளைப் பரிசோதித்ததில் வலப்பக்கத்து நட்டு இன்னும் கால் சுற்று இறங்கியது.

புகைச் சான்றிதழ் அதே பையனிடம் கிடைத்துவிட்டது. இப்போதெல்லாம் காலையில் வண்டியை எடுக்கும்போது, பின்பக்கத்துச் சிறு துளையிலிருந்து சிமெண்டுத் தரையில் மூன்று நான்கு சொட்டு தண்ணீர் விழுவதைப் பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் சேரன்மாதேவி வரை போய்த் திரும்பினால், திங்கட்கிழமை காலையில் அந்தச் சொட்டு விழுவதில்லை.