முடி அப்புறம், முதலில் தோல்: சிம்ஸ் 4-இல் முகத்தைச் சரிசெய்வது

சிம்ஸ் 4 விளையாட்டுக்கு சிசி (கஸ்டம் கன்டென்ட், அதாவது ரசிகர்கள் செய்து பகிரும் முடி, உடை, தோல் போன்றவை) தேட ஆரம்பிக்கும் எல்லோரும் முதலில் இறக்குவது முடிதான். ஐம்பது முடி, முப்பது சட்டை, நாலு காலணி. எல்லாம் போட்ட பிறகும் சிம் (விளையாட்டின் கதாபாத்திரம்) கடைக் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கும் பொம்மை மாதிரியே இருக்கும். தோலையும் கண்ணையும் யாரும் தொடவில்லையே! தோல், கண், இமை, முக அமைப்பு, கடைசியில் முடி: இந்த வரிசையில் போனால் பாதி முடி தேவையே படாது.

முதலில் அடிப்படை. சிசி வேலை செய்வது கணினியிலும் மேக்கிலும் மட்டும்தான். பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு வழியில்லை. டாக்குமென்ட்ஸ் ஃபோல்டருக்குள் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ், அதற்குள் தி சிம்ஸ் 4, அதற்குள் மாட்ஸ். இறக்கியது ஜிப்பாக இருந்தால் பிரித்து, உள்ளே இருக்கும் பேக்கேஜ் ஃபைலை மட்டும் இங்கே போடுங்கள். ஜிப்பாகவே போட்டால் விளையாட்டு அதைக் கண்டுகொள்ளாது. பிறகு கேம் ஆப்ஷன்ஸில் 'அதர்' பகுதிக்குப் போய் கஸ்டம் கன்டென்ட்டை டிக் செய்து, விளையாட்டை மூடித் திறக்க வேண்டும். ஒவ்வொரு அப்டேட்டுக்கும் பிறகு இந்த டிக் தானாகப் போய்விடும். "என் சிசி எல்லாம் காணாமல் போச்சு" என்று வரும் புலம்பல்களில் பெரும்பாலானவற்றுக்கு இதுதான் காரணம்.

எதையும் இறக்குவதற்கு முன் கிராஃபிக்ஸ் பக்கத்தில் இரண்டு இடம் பாருங்கள். லேப்டாப் மோட் ஆனில் இருந்தால் அணையுங்கள். 'அன்கம்ப்ரெஸ்டு சிம் டெக்ஸ்சர்ஸ்' என்பதை டிக் செய்யுங்கள். உதட்டோரத்திலும் கண்ணுக்கு அடியிலும் கட்டம் கட்டமாகத் தெரியும் அழுக்கு மாதிரியான கறை இதிலேயே பெருமளவு போய்விடும். நல்ல ஸ்கின் ஒன்றைப் போட்டுவிட்டு "படத்தில் இருந்த மாதிரி இல்லையே" என்று திட்டுபவர்கள் முதலில் இந்த டிக்கைத்தான் பார்க்க வேண்டும்.

இனி தோல். இதில் இரண்டு வகை. டிஃபால்ட் ரீப்ளேஸ்மென்ட் என்பது விளையாட்டின் சொந்தத் தோலையே மாற்றிவிடும். ஊரில் இருக்கும் எல்லா சிம்மும் மாறும். இதில் ஒன்றுக்கு மேல் வைக்கக் கூடாது. இரண்டு இருந்தால் முகத்துக்கு ஒன்று, உடம்புக்கு ஒன்று என்று கலந்து, கழுத்தில் கோடு போட்ட மாதிரி நிறம் பிரியும். மற்றது ஓவர்லே. சிம்மை வடிவமைக்கும் காஸ் திரையில் ஸ்கின் டீட்டெயில்ஸ் பிரிவில் வந்து உட்காரும், வேண்டிய சிம்முக்கு மட்டும் போடலாம். புதிதாக ஆரம்பிப்பவர்கள் ஓவர்லேயிலேயே ஆரம்பிப்பது நல்லது. பிடிக்கவில்லை என்றால் ஒரு கிளிக்கில் எடுத்துவிடலாம்.

மாநிறமோ கறுப்போ உள்ள சிம் செய்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஓவர்லே என்பது தோலின் மேல் படியும் ஒரு படம். வெளுத்த தோலுக்காக வரைந்ததைக் கருத்த முகத்தில் போட்டால் சாம்பல் பூசிய மாதிரி ஆகிவிடும். மூக்குத் தண்டும் கன்ன எலும்பும்தான் முதலில் காட்டிக்கொடுக்கும். ஆகவே பல ஸ்வாட்ச் (நிற வகை) உள்ள ஓவர்லேயாகத் தேடுங்கள். பதிவேற்றியவர் கருத்த சிம்மின் மேல் போட்டு எடுத்த படம் ஒன்றாவது வைத்திருக்கிறாரா என்று பாருங்கள். 2020 டிசம்பர் அப்டேட்டில் விளையாட்டே நூற்றுக்கும் மேற்பட்ட புதுத் தோல் நிறங்களையும், நிறத்தைக் கூட்டிக் குறைக்கும் ஸ்லைடரையும் கொடுத்துவிட்டது. அதனால் நிறத்துக்காகத் தனி சிசி தேடி அலைய வேண்டியதில்லை. நிறம் விளையாட்டிலிருந்து, நிழலும் துளைகளும் ஓவர்லேயிலிருந்து என்று பிரித்துக்கொண்டால் இயல்பாக வரும்.

ஸ்கின் டீட்டெயில்ஸில் இன்னொரு சிக்கல் இடப்பற்றாக்குறை. நெற்றி மடிப்பு, வாய் மடிப்பு, கன்னக்குழி, மச்சம் என்று ஒவ்வொரு உட்பிரிவிலும் ஒரு நேரத்தில் ஒன்றுதான் நிற்கும். முகத்துக்கான ஓவர்லே நெற்றி மடிப்பில் இருந்து, நீங்கள் இறக்கிய பொட்டும் அதே இடத்துக்கென்று செய்யப்பட்டிருந்தால், பொட்டை வைத்ததும் ஓவர்லே கழன்றுவிடும். ஃபைல் கெட்டுப்போகவில்லை, இடம்தான் மோதுகிறது. பலர் ஒரே பொருளை இரண்டு மூன்று பிரிவுகளுக்கென்று தனித்தனி ஃபைலாகக் கொடுப்பது இதற்காகத்தான். இறக்கும்போதே எந்தப் பிரிவு என்று பார்த்து எடுங்கள்.

இமை முடியிலும் இதே கதை. முப்பரிமாண இமைகள் பல கண்ணாடி, மோதிரம் போன்ற அணிகலன் பிரிவுகளில் ஒளிந்திருக்கும். கண்ணாடிப் பிரிவில் இமையைப் போட்டுவிட்டால் அந்த சிம்முக்கு மூக்குக் கண்ணாடி கிடையாது. அதோடு விளையாட்டின் சொந்த இமைகளை மறைக்கும் ரிமூவர் ஃபைலையும் சேர்த்துப் போடுங்கள். இல்லையென்றால் இரண்டு வரிசை இமை தெரியும்.

பிரீசெட் (ஆயத்த முக வடிவம்) பற்றிச் சுருக்கமாக: மூக்கு, உதடு, கண் பிரீசெட்டுகள் ஓவர்லேயைவிட முகத்தை அதிகம் மாற்றும். ஆனால் பிரீசெட் ஃபைலைப் பின்னால் அழித்தால் அதை வைத்துச் செய்த சிம்மின் முகமும் மாறிவிடும். பிடித்த சிம்முக்கு எதைப் பயன்படுத்தினீர்கள் என்று குறித்து வையுங்கள். ஏற்கெனவே ஊரில் இருக்கும் சிம்மைத் திருத்த, சீட் பெட்டியில் (ரகசியக் கட்டளை எழுதும் இடம்) டெஸ்டிங்சீட்ஸ் ட்ரூ (testingcheats true), அடுத்து காஸ்.ஃபுல்எடிட்மோட் (cas.fulleditmode). பிறகு ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு சிம்மைக் கிளிக் செய்தால் 'மாடிஃபை இன் காஸ்' வரும்.

முடிக்கு வருவோம். மேக்சிஸ் மேட்ச் என்பது விளையாட்டின் களிமண் பாணியோடு ஒட்டிப்போவது, ஆல்ஃபா என்பது இழை இழையாக நிஜ முடி போலத் தெரிவது. ஆல்ஃபா படத்துக்கு அழகுதான். ஆனால் பாலிகான் (முடியின் வடிவத்தைக் கட்டும் சிறு பரப்புகள்) எண்ணிக்கையைப் பாருங்கள். ஐம்பதாயிரத்தைத் தாண்டும் முடிகள் உண்டு. அப்படி ஆறு பேர் ஒரே அறையில் நின்றால் சாதாரண லேப்டாப் திணறும். கேமராவைத் தள்ளி வைத்ததும் சிம் மொட்டையாகத் தெரிந்தால், தூரத்துக்கான எல்ஓடி மெஷ்களை (தொலைவில் காட்டும் எளிய முப்பரிமாண வடிவங்களை) முடியைச் செய்தவர் சரியாக வைக்கவில்லை என்று பொருள். வேறு முடிக்குப் போவதுதான் வழி. தொப்பி போட்டால் முடி துளைத்துக்கொண்டு வருகிறதா என்பதையும் காஸிலேயே சோதித்துவிடுங்கள். முடியின் மேல் கேள்விக்குறிகள் நிறைந்திருந்தால், நீங்கள் இறக்கியது நிறமாற்றம் மட்டும். மூல மெஷ்ஷைத் தனியாக எடுக்க வேண்டும்.

தெருவில் போகும் தபால்காரர் உங்கள் கல்யாண நகையோடு வருகிறாரா? அந்த சிசியில் 'ரேண்டம்' அனுமதி (விளையாட்டே யாருக்கும் தானாகப் போட்டுவிடும் அனுமதி) திறந்திருக்கிறது. சிசியைத் திருத்தும் சிம்ஸ் 4 ஸ்டூடியோ என்ற மென்பொருளின் பேட்ச் ஃபிக்ஸ் (மொத்தத் திருத்தம்) பட்டியலில் அதை மொத்தமாக அணைக்கும் வசதி உண்டு. ஓட்டும் முன் மாட்ஸ் ஃபோல்டரை நகலெடுத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றில் மட்டும் கறாராக இருங்கள். முடி, தோல், உடை எல்லாவற்றுக்கும் பேக்கேஜ் ஃபைல் போதும். முடி என்று இறக்கியதற்குள் டிஎஸ்4ஸ்கிரிப்ட் (.ts4script) ஃபைலோ எக்ஸ்இயோ (.exe) இருந்தால் திறக்காமல் அழித்துவிடுங்கள். 2024 தொடக்கத்தில் மாட்களில் (விளையாட்டை மாற்றும் ரசிகர் ஃபைல்களில்) பரவிய தீம்பொருள் ஸ்கிரிப்ட் ஃபைல் வழியாகத்தான் வந்தது.

ஏதோ ஒன்று உடைந்து, எது என்று தெரியவில்லையா? லோக்கல்தம்ப்கேஷ் (localthumbcache, விளையாட்டின் தற்காலிகச் சேமிப்பு) ஃபைலை அழித்துப் பாருங்கள். சரியாகவில்லை என்றால் மாட்ஸில் பாதியை டெஸ்க்டாப்புக்கு நகர்த்தி விளையாட்டைத் திறங்கள். கோளாறு இருந்தால் உள்ளே இருக்கும் பாதியில், இல்லையென்றால் வெளியே எடுத்த பாதியில். அந்தப் பாதியை மறுபடி இரண்டாக்குங்கள். ஆயிரம் ஃபைல் இருந்தாலும் பத்துச் சுற்றில் ஆள் பிடிபடும். எல்லாவற்றையும் ஒரே ஃபைலாக மெர்ஜ் செய்து வைத்திருந்தால் இந்த வழி உதவாது. புதிதாக இறக்கியதை ஒரு மாதமாவது தனித்தனியாகவே விட்டுவையுங்கள்.