வலப்பக்கம் ஓடும் ரயில்கள்

கோல்மாரிலிருந்து ஸ்ட்ராஸ்பூர்க் வரும் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தபோதுதான் கவனித்தேன், எதிரே வந்த வண்டி எங்களுக்கு இடப்பக்கமாகக் கடந்து போனது. பிரான்ஸில் ரயில்கள் நம்மூர் போலவே இடப்பக்கத் தண்டவாளத்தில்தான் ஓடும், பாரிஸ் பக்கம் ஒரு வாரம் சுற்றியதில் கண்ணுக்கு அது பழகியும் இருந்தது. இங்கே மட்டும் ஏன் வலது? பக்கத்து இருக்கைக்காரரிடம் கேட்டேன். "ஜெர்மன்காரர்கள் விட்டுப்போனது" என்றார், நேற்று நடந்ததைச் சொல்வதுபோல.

இந்த இரண்டு ஊர்களும் இருக்கும் அல்சாஸ் பகுதி 1871 முதல் 1918 வரை ஜெர்மனியின் கையில் இருந்தது. பாதைகளும் சிக்னல்களும் ஜெர்மன் முறைக்கு மாறின. பிறகு ஊர் பிரான்ஸுக்கே திரும்பியது, தண்டவாளம் மட்டும் அப்படியே நின்றுவிட்டது. பழைய எல்லைக்கு அருகில் ஒரு பாதை பாலம் ஏறி இன்னொன்றைத் தாண்டி இடம் மாறிக்கொள்ளும் ஏற்பாடு இன்னமும் இருக்கிறது.

ஸ்ட்ராஸ்பூர்க் தேவாலயத்தைப் பார்த்துவிட்டு இரண்டு நாளில் கிளம்புவதுதான் என் திட்டம், ஆனால் நான்கு நாள் தங்கிவிட்டேன். ஐரோப்பாவில் எந்தக் காலத்தில் யார் கை ஓங்கியிருந்தது என்று தெரிய வேண்டுமா, அந்தக் காலத்தில் ஸ்ட்ராஸ்பூர்க் யாரிடம் இருந்தது என்று பார்த்தாலே போதும்.

1648-இல் முப்பதாண்டுப் போர் முடிந்து வெஸ்ட்பாலியா ஒப்பந்தம் ஆனபோது, ஹாப்ஸ்பர்க் அரச குடும்பத்துக்கு அல்சாஸில் இருந்த உரிமைகள் பிரான்ஸுக்குப் போயின. ஸ்ட்ராஸ்பூர்க் மட்டும் சுதந்திர நகரமாகத் தனியே நின்றது. 1681 செப்டம்பரில் பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயி படையைக் கொண்டுவந்து நிறுத்த, ஊர் சண்டையே இல்லாமல் பணிந்தது. அன்றைக்கு அவரைத் தடுக்க ஐரோப்பாவில் ஆளில்லை. 1815-இல் நெப்போலியன் தோற்றபின் அல்சாஸ் தனக்கு வேண்டும் என்று ஜெர்மானிய அரசான பிரஷ்யா கேட்டது, ஆனால் பிரிட்டனும் ரஷ்யாவும் சம்மதிக்கவில்லை. பிரான்ஸ் மீது அவர்களுக்குப் பாசம் எதுவும் இல்லை. பிரான்ஸ் ஒரேயடியாக ஒடுங்கிப்போனால் அந்த இடத்தில் இன்னொருவன் வளர்ந்துவிடுவான் என்ற கணக்கு, அவ்வளவுதான். அந்த இன்னொருவன் ஐம்பத்தைந்து வருடம் கழித்து வந்தே விட்டான்.

1870 ஆகஸ்ட் மாதத்தில் பிரஷ்யப் படை ஊரைச் சுற்றி வளைத்துப் பீரங்கியால் அடித்தது. 24-ஆம் தேதி இரவு நூலகம் எரிந்தது. 12-ஆம் நூற்றாண்டில் ஹெர்ராட் என்ற மடத்துத் தலைவி தொகுத்த, பக்கத்துக்குப் பக்கம் படங்கள் நிறைந்த ஒரு கையெழுத்துப் பிரதி அதில் சாம்பலானது. ஒரே ஒரு மூலப்பிரதிதான் இருந்தது. அந்த வரலாற்றைப் படித்துவிட்டு அதே தெருக்களில் நடப்பது எனக்குச் சுலபமாக இல்லை.

ஜெயித்த ஜெர்மனி பழைய ஊருக்கு வெளியே ஒரு புது நகரத்தையே கட்டியது. அகலத் தெருக்கள், பல்கலைக்கழகம், மாமன்னருக்கு ஓர் அரண்மனை, எரிந்ததற்குப் பதிலாகப் பெரிய நூலகம். அரண்மனையும் நூலகமும் நிற்கும் சதுக்கத்துக்கு அன்று மாமன்னர் சதுக்கம் என்று பெயர், இன்று குடியரசுச் சதுக்கம். நடுவில் 1936-இல் வைத்த ஒரு போர் நினைவுச்சின்னம் இருக்கிறது. பிரான்ஸ் முழுக்க ஊருக்கு ஊர் இப்படி நினைவுச்சின்னம் உண்டு, பெரும்பாலும் 'பிரான்ஸுக்காக உயிர் நீத்தவர்கள்' என்று எழுதியிருக்கும். இங்கே 'எங்கள் இறந்தவர்களுக்கு' என்பதோடு சரி. உட்கார்ந்திருக்கும் ஒரு தாய், அவள் மடியில் சாய்ந்தபடி உயிர்விடும் இரண்டு மகன்கள். இரண்டு பேர் உடம்பிலும் சீருடை இல்லை, ஏனென்றால் ஒருவன் ஜெர்மன் படையில் இருந்தவன், மற்றவன் பிரெஞ்சுப் படையில் இருந்தவன். கிட்டே போய்ப் பார்த்தேன், சாகும் நேரத்தில் இருவர் கையும் ஒன்றையொன்று பற்றியிருக்கின்றன. வெகுநேரம் அங்கேயே நின்றேன்.

நான் தங்கிய வீட்டு அம்மாவுக்கு எழுபது வயதிருக்கும். அன்று இரவு சமையலறையில் அவரிடம் இந்தச் சிலையைப் பற்றிச் சொன்னேன். வெங்காயம் நறுக்கிக்கொண்டே அவர் குடும்பக் கதையைச் சொல்ல ஆரம்பித்தார். கொள்ளுத்தாத்தா 1869-இல் பிரெஞ்சுக்காரராகப் பிறந்து, இரண்டு வயதில் ஜெர்மானியராகி, ஐம்பதை நெருங்கும்போது மறுபடி பிரெஞ்சுக்காரரானவர். ஹிட்லர் காலத்தில் மறுபடி ஜெர்மன் ஆட்சி, கடைசியில் பிரெஞ்சுக்காரராகவே கண்மூடினாராம். வீடு மாறவே இல்லை. தாத்தா முதல் உலகப் போரில் ஜெர்மன் படையில் இருந்தவர். அப்பா 1924-இல் பிரெஞ்சுக் குடிமகனாகப் பிறந்தவர், ஆனால் 1942-இல் நாஜிகள் இங்குள்ள இளைஞர்களைக் கட்டாயமாகப் படையில் சேர்க்க ஆரம்பித்தபோது அவரும் மாட்டிக்கொண்டார். அல்சாஸிலிருந்தும் பக்கத்து மோசெல்லிலிருந்தும் ஏறத்தாழ 1,30,000 பேர் அப்படிப் போனார்கள். பெரும்பாலும் ரஷ்ய முனைக்கு. பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. அவர்களை இங்கே 'விருப்பமில்லாமல் போனவர்கள்' என்றுதான் சொல்கிறார்கள். அவர் அப்பா ரஷ்யாவில் தம்போவ் கைதி முகாமில் கிடந்துவிட்டு 1945 இலையுதிர் காலத்தில் வந்து சேர்ந்தாராம்.

"நாஜிகள் இருந்தபோது பிரெஞ்சு பேசினால் தண்டனை, அவர்கள் போனபிறகு ஜெர்மன் சாயலுள்ள எங்கள் அல்சாஸ் பேச்சைப் பள்ளிக்கூடத்தில் பேசினால் தண்டனை. அம்மா கணக்குப் போடும்போது மட்டும் அல்சாஸ் பேச்சில்தான் எண்ணுவாள்" என்றார் அந்த அம்மா.

1914-க்கு முன் பிரான்ஸின் மக்கள்தொகை 4 கோடியை எட்டவில்லை, ஜெர்மனி ஆறரைக் கோடியைத் தாண்டியிருந்தது. நிலக்கரியும் எஃகும் அங்கேதான் அதிகம். இந்த வித்தியாசத்தைத் தனியாக ஈடுகட்ட முடியாது என்று தெரிந்துதான் பிரான்ஸ் முதலில் ரஷ்யாவோடும் பிறகு பிரிட்டனோடும் கைகோத்தது. இரண்டாம் போருக்குப் பிறகு வேறு வழியில் போனார்கள். 1950 மே 9 அன்று பிரெஞ்சு வெளியுறவு அமைச்சர் ராபர்ட் ஷூமன், இரு நாட்டு நிலக்கரியையும் எஃகையும் ஒரே பொது நிர்வாகத்தின்கீழ் வைப்போம் என்றார். அவரே லக்சம்பர்கில் ஜெர்மன் குடிமகனாகப் பிறந்து, முதல் போருக்குப் பிறகு பிரெஞ்சுக்காரரானவர். பீரங்கி செய்யும் பொருளையே பொதுவாக்கிவிட்டால் ஒருவருக்குத் தெரியாமல் இன்னொருவர் போருக்குத் தயாராக முடியாது. எனக்கு ஐரோப்பிய வரலாற்றில் மிகவும் பிடித்த யோசனை இதுதான். இன்று ஐரோப்பிய நாடாளுமன்றம் மாதந்தோறும் நான்கு நாள் ஸ்ட்ராஸ்பூர்க்கில் கூடுகிறது. மற்ற வேலைகள் நடக்கும் பிரஸ்ஸல்ஸிலிருந்து கோப்புகள் எல்லாம் வந்து போகும் செலவைப் பற்றிப் புகார்கள் உண்டு, எனக்கு அந்தச் செலவு நியாயமாகவே படுகிறது.

கடைசி நாள் டிராம் ஏறி ரைன் நதியைக் கடந்து ஜெர்மனியின் கேல் ஊருக்குப் போனேன். 2017-இலிருந்து இந்த டிராம் ஓடுகிறது. கீழே மண்ணும் பச்சையும் கலந்த தண்ணீர், நீளமான சரக்குப் படகு ஒன்று போய்க்கொண்டிருந்தது. பிரெஞ்சுக்காரர்கள் அங்கே சிகரெட்டும் சோப்பும் வாங்கப் போகிறார்கள், ஜெர்மனியில் விலை குறைவு. கொரோனா காலத்தில், 2020 மார்ச்சில் ஜெர்மனி எல்லையை அடைத்தபோது இந்த டிராமும் நின்றுபோனது. ஊரே கலங்கிப்போனதாக வீட்டு அம்மா சொல்லியிருந்தார்.

கேல் ஸ்டேஷனில் இரண்டு போலீஸ்காரர்கள் ஏறினார்கள். 2024 செப்டம்பர் முதல் ஜெர்மனி தன் நில எல்லைகள் எல்லாவற்றிலும் மறுபடி சோதனை வைத்திருக்கிறது. என் பாஸ்போர்ட்டைப் புரட்டி விசாவைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். எதிரே காய்கறிக் கூடையோடு இருந்த பாட்டி அவர்கள் கேட்பதற்கு முன்பே அடையாள அட்டையை எடுத்துக் கையில் தயாராக வைத்திருந்தார். ஓரங்கள் தேய்ந்த பழைய அட்டை. போலீஸ்காரர் அதைப் பார்க்காமலே தலையசைத்துவிட்டு நகர்ந்தார். பாட்டி அவர்கள் இறங்கும்வரை அதை உள்ளே வைக்கவே இல்லை.