வளவின் தூண்களை நிமிர்த்தியதும் நிழலின் இரைச்சலைக் குறைத்ததும்

காரைக்குடிப் பக்கம் பார்த்துவந்த ஒரு செட்டிநாட்டு வீட்டின் வளவை, அங்கே எடுத்த அளவுக் குறிப்புகளையும் புகைப்படங்களையும் வைத்துக்கொண்டு மூன்று மாதங்களாகப் பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் உருவாக்கி வருகிறேன். வானம் பார்த்த முற்றம், அதைச் சுற்றித் தேக்குத் தூண்கள் தாங்கும் தாழ்வாரம், தரையில் ஆத்தங்குடிக் கற்கள் என எல்லாம் ஓரளவு அமைந்த பிறகு, முதல் ரெண்டரை, அதாவது கணினி அந்த மாதிரியிலிருந்து வரைந்து தந்த படத்தை, பெரியப்பாவிடம் காட்டினேன். நாற்பது ஆண்டுகள் கொத்தனாராக இருந்தவர் அவர். சற்று நேரம் பார்த்துவிட்டு, "தூணெல்லாம் உள்ள சாஞ்சு நிக்குதேப்பா, தூக்குக்குண்டு போட்டுப் பாத்தியா?" என்று கேட்டார்.

தூண்கள் செங்குத்தாகத்தான் இருந்தன, சாய்ந்திருந்தது கேமரா. தூண்களின் தலைப்பும் கூரை விளிம்பும் படத்துக்குள் வர வேண்டும் என்பதற்காக, 1.5 மீட்டர் உயரத்தில் வைத்த கேமராவை 8 பாகை மேல்நோக்கித் திருப்பியிருந்தேன். படம் விழும் தளம் தூண்களுக்கு இணையாக இல்லாமல் சாய்ந்துவிட்டால், இணையான செங்குத்துக் கோடுகள் மேலே ஒரு புள்ளியை நோக்கிக் குவியத்தான் செய்யும்.

முதலில், முடிந்த படத்தையே ஜிம்ப் மென்பொருளில் மேற்பக்கமாக விரித்துச் சரிசெய்ய முயன்றேன். கோடுகள் நிமிர்ந்தன, ஆனால் மேற்பகுதியின் புள்ளிகள் இழுபட்டு மங்கின, ஓரங்களை வெட்ட வேண்டியதாயிற்று, தூண்களின் உயரத்துக்கும் பருமனுக்கும் உள்ள விகிதமும் மாறியது. அளவெடுத்துக் கட்டிய மாதிரியைக் கடைசியில் கண்ணளவில் இழுத்துக் கெடுப்பதற்கு எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே கேமராவுக்கு ரசமட்டம் வைத்தேன். அதாவது எக்ஸ் அச்சுச் சுழற்சியை 98-இலிருந்து சரியாக 90 பாகைக்குக் கொண்டுவந்து, மேலே பார்க்கும் வேலையை லென்ஸைத் திருப்பாமல் மேலே நகர்த்தும் 'ஷிஃப்ட் ஒய்' மதிப்பிடம் ஒப்படைத்தேன். கட்டடப் புகைப்படக்காரர்கள் துருத்திக் கேமராவில் லென்ஸை மட்டும் மேலே உயர்த்துவார்களே, அதே வேலைதான் இது. மதிப்பையும் தோராயமாக வைக்க வேண்டியதில்லை: குவியத் தூரத்தைச் சாய்வுக் கோணத்தின் டேன்ஜென்டால் பெருக்கிச் சென்சார் அகலத்தால் வகுத்தால் போதும். என் 24 மி.மீ. லென்ஸுக்கும் 36 மி.மீ. சென்சாருக்கும் 8 பாகை என்பது 0.094 ஆகிறது, 1920 புள்ளி அகலமுள்ள படத்தில் தொடுவானம் ஏறத்தாழ 180 புள்ளிகள் கீழே இறங்கியது, தூண்கள் படத்தின் விளிம்புக்கு இணையாக நின்றன.

இதிலும் ஓர் எல்லை உண்டு. அகலக் கோண லென்ஸில் ஷிஃப்டைக் கூட்டக் கூட்ட, மூலையில் இருக்கும் தூண் தலைப்புகள் மேலே இழுத்ததுபோல நீள்கின்றன. கேமராவைப் பின்னுக்கு நகர்த்த இடமில்லாமல் சுவர் தடுத்தது. அதைச் சுவருக்கு வெளியே 2 மீட்டர் தள்ளி வைத்து, கேமராவின் பார்வை தொடங்கும் இடமான 'கிளிப் ஸ்டார்ட்' தூரத்தைச் சுவரைத் தாண்டும் அளவுக்கு உயர்த்தி, 35 மி.மீ. லென்ஸுக்கு மாறினேன். கேமராவுக்குத்தான் சுவர் மறைகிறது. வெளிச்சத்துக்கு அது அங்கேயே நிற்கிறது என்பதால் நிழல்கள் மாறவில்லை.

அடுத்தது இரைச்சல், அதாவது நிழலில் தெரியும் பொடிப்புள்ளிகள். முற்றத்தில் வெயில் தெளிவாக விழுந்தாலும், தாழ்வாரத்தின் பின்வரிசையில் மணல் தூவியதுபோலப் புள்ளிகள் நிறைந்திருந்தன. பிளெண்டரில் படம் வரையும் பகுதியான சைக்கிள்ஸ், ஒளிக்கதிர்களைத் தற்போக்காக எய்து சராசரி காண்பதால், புள்ளிகளைப் பாதியாக்கச் சாம்பிள்களை, அதாவது ஒவ்வொரு படப்புள்ளிக்கும் எய்யும் கதிர்களை, நான்கு மடங்காக்க வேண்டும்: 256 சாம்பிள்களுக்கு 11 நிமிடம் ஆனது, 1024-க்கு 43 நிமிடம் ஆயிற்று, அப்போதும் பின்வரிசை தெளியவில்லை.

பிளெண்டர் 2.81-இல், 2019-இல், வந்து சேர்ந்த, இரைச்சலைத் துடைக்கும் ஓபன் இமேஜ் டீநாய்ஸை 64 சாம்பிள்களிலேயே ஓட்டிப் பார்த்தேன். தூரத்திலிருந்து பார்த்தால் படம் பளிச்சென்று இருந்தது. நெருங்கிப் பார்த்தபோது, ஆத்தங்குடிக் கல்லில் எட்டு இதழ்களாக இருந்த பூ, ஓரம் கரைந்த ஒரே மஞ்சள் வட்டமாகியிருந்தது. தேக்கின் ரேகைகள் மெழுகு பூசியதுபோல மறைந்துவிட்டன. கண்ணாடித் தகட்டின் மேல் கையால் வண்ணம் ஊற்றிச் செய்யும் கல் அது. அதன் கோலத்தை அழித்துப் பெறும் சுத்தம் எனக்கு வேண்டாம்.

எனவே புள்ளிகள் எங்கிருந்து பிறக்கின்றன என்று தேடினேன். வானத்தின் ஒளி முற்றத்தின் திறப்பு வழியாக மட்டுமே உள்ளே வருகிறது. கதிர்களுக்கு அந்த வழி தெரிவதில்லை. திறப்பின் அளவுக்கே ஏரியா லைட் என்ற தட்டையான விளக்கு ஒன்றை வைத்து அதை 'போர்ட்டல்' ஆக்கினேன். அது தானாக ஒளி தராமல், வானத்தின் திசையை மட்டும் காட்டிக்கொடுக்கிறது. சன்னல்களின் வண்ணக் கண்ணாடி இன்னொரு காரணம். பொருளின் தன்மையைச் சொல்லும் ஷேடர் கண்ணாடிக்கானதாக இருக்கும்போது, ஒளி மறைகிறதா என்று விளக்கை நோக்கிச் சோதிக்கும் நிழற்கதிரை உள்ளே விடாததால், சூரிய ஒளி தற்செயலாக நுழைந்து வெண்பொறிகளைச் சிதறவிட்டது. நிழற்கதிருக்கு மட்டும் அதே நிறமுள்ள, கதிரை நேராக விடும் டிரான்ஸ்பேரன்ட் ஷேடரைக் கலந்ததும் அவை அடங்கின. தரையில் சிவப்பும் பச்சையுமாக ஒளித்திட்டுகளும் விழுந்தன. அன்று எனக்குக் கிடைத்த மிகப் பெரிய மகிழ்ச்சி அதுதான். எதிரொளியின் உச்ச அளவைக் கட்டுப்படுத்தும் இண்டைரக்ட் கிளாம்ப்பை 10-இலிருந்து 3-க்குக் குறைத்தபோது மீதப் பொறிகளும் போயின, ஆனால் பித்தளை விளக்கின் ஒளிர்வு மங்கியதால் 6-இல் நிறுத்தினேன்.

இவற்றுக்குப் பிறகு, இரைச்சல் எவ்வளவு குறைந்தால் நிறுத்தலாம் என்று சொல்லும் நாய்ஸ் திரெஷோல்ட் 0.02, உச்சமாக 800 சாம்பிள்கள் என்று வைத்ததில் 19 நிமிடத்தில் படம் வந்தது. டீநாய்சருக்கு ஆல்பிடோ (பரப்பின் நிறம்), நார்மல் (பரப்பின் திசை) இரண்டையும் கொடுத்து, அவற்றை முன்கூட்டியே துடைக்கும் பிரீஃபில்டரை 'அக்யூரேட்' ஆக்கி, படங்களைச் சேர்க்கும் கம்போசிட்டரில் துடைத்த படத்தை மூலப்படத்துடன் ஏழுக்கு மூன்று என்ற விகிதத்தில் கலந்தேன். பூவின் எட்டு இதழ்களும் இப்போது எண்ணும்படி இருக்கின்றன.

பளபளப்பான தரையில் ஐந்தாம் தூணின் பிரதிபலிப்பு மட்டும் இன்னும் திட்டுத்திட்டாகத் தெரிகிறது. அந்தப் பகுதியை மட்டும் ரெண்டர் ரீஜனாக, அதாவது மறுபடி வரைய வேண்டிய இடமாகக் குறித்து, இன்றிரவு 2048 சாம்பிள்களில் ஓட விட்டிருக்கிறேன்.