ஜால்ரா வேறு, ஐஸ் வேறு

பெரிய இடத்து ஆளைக் குளிரவைத்துக் காரியம் சாதிப்பதற்குத் தமிழில் ஒரு டஜன் சொற்களாவது தேறும். எல்லாம் ஒன்றுதானே என்று ஒன்றின் இடத்தில் இன்னொன்றைப் போட்டால் வாக்கியம் இடறிவிடும். வசனம் எழுதுகிறவர்களும் மொழிபெயர்ப்பவர்களும் அடிக்கடி சறுக்குவது இங்கேதான்.

முதல் சறுக்கல் வேற்றுமை உருபில். மேனேஜருக்கு ஐஸ் வைப்போம், மேனேஜருக்கு ஜால்ரா போடுவோம், ஆனால் மேனேஜரைக் காக்கா பிடிப்போம். ‘மேனேஜருக்குக் காக்கா பிடிக்கிறான்’ என்று எழுதினால் வலை வீசிப் பறவை பிடித்துக் கொடுப்பதுபோல் இருக்கும்.

ஐஸ் லேசானது. உச்சி குளிர்ந்தது, மனம் குளிர்ந்தது என்று பாராட்டை எப்போதும் குளிர்ச்சியோடு சேர்த்துப் பேசிய மொழிக்கு ஐஸ் கிடைத்ததும் அது தலையில்தான் போய் உட்கார்ந்தது. பிள்ளை அம்மாவுக்கு வைக்கலாம், மனைவி கணவனுக்கு வைக்கலாம். “என்ன, இன்னிக்கு ஐஸ் பலமா இருக்கு?” என்று கேட்டுக்கொண்டே கேட்டதைச் செய்தும் கொடுப்பார்கள். “கொஞ்சம் ஐஸ் வெச்சுப் பார்க்கிறேன்” என்று தன்னைப் பற்றியே கூச்சமில்லாமல் சொல்லிக்கொள்ளலாம். ஜால்ராவில் அது நடக்காது. “நான் யாருக்கும் ஜால்ரா போடமாட்டேன்” என்று மறுக்கத்தான் தன்மையில் வரும். போடுகிறவனே ‘ஒரு ஜால்ரா’ ஆகிவிடுவதும் அதில் உண்டு. ஐஸ் வைக்கிறவனை யாரும் ‘ஒரு ஐஸ்’ என்பதில்லை.

ஜால்ரா என்பது பஜனையில் தட்டும் சிறு தாளக்கருவி. பாடுகிறவர் போகிற வேகத்துக்கு அதுவும் போகும், சொந்தமாக ஒரு மெட்டும் கிடையாது. அதனால் ஜால்ராவுக்கு ஒரு சபை வேண்டும். தலைவர் பேச வேண்டும், இவர் பின்னாலேயே தட்ட வேண்டும். அறைக்குள் தனியாக ஒருவரைப் புகழ்வது ஜால்ரா ஆகாது. இதில் ஒரு வேடிக்கை: அதே வகைக் கருவிக்குத் தாளம், சிங்கி என்றும் பெயர் உண்டு. ‘அவர் சொன்னதுக்கெல்லாம் தாளம் போடுறான்’ என்றால் ஜால்ராதான். ‘சோத்துக்குத் தாளம் போடுறான்’ என்றால் பட்டினி. ‘சிங்கி அடிக்கிறான்’ என்பதும் வறுமைதான், புகழ்ச்சியின் பக்கமே அது வருவதில்லை.

ஒத்து ஊதுதல் இன்னும் நுட்பம். ஒத்து, நாகஸ்வரத்துக்குத் துணையாக ஊதுவது. பார்க்க நாகஸ்வரம் மாதிரியே நீளமாக இருக்கும், ஆனால் விரல் வைத்து ஸ்வரம் வாசிக்கத் துளை இல்லை. கீழ்ப்பக்கம் இருக்கிற துளைகளை மெழுகால் அடைத்துச் சுருதியைச் சரிசெய்வார்கள். கச்சேரி முழுக்க ஒரே சுருதி, மூச்சு அறாமல். புகழ வேண்டும் என்றுகூட இல்லை, ‘ஆமாம்’ என்பதை நிறுத்தாமல் சொன்னால் போதும். அதனால்தான் தப்புக்கு உடந்தையாக இருப்பதையும் இந்தச் சொல் தாங்குகிறது. ஜால்ராவால் அது முடியாது.

காக்காவுக்கு வருவோம். ‘கால் கை பிடித்தல்’தான் இப்படி மருவியது என்பது பரவலான விளக்கம். ஒலி அதற்கு இடம் கொடுக்கிறது. கால், கை சேர்ந்தால் காற்கை. நிற்க என்பது நிக்க ஆவதுபோல் அது காக்கை ஆகும். பொருள்தான் கொஞ்சம் நெருடுகிறது. காலைக் கையைப் பிடிப்பது கெஞ்சல், காக்கா பிடிப்பது புகழ்ச்சி. தெலுங்கிலும் ‘காகா பட்டு’ உண்டு, அங்கே காகத்துக்குப் பெயர் காகி, அதனால் பறவையிலிருந்து வந்ததாகவும் தெரியவில்லை. எப்படியானாலும் காக்கா பிடிப்பதற்கு ஒரு காரியம் முன்னால் இருந்தாக வேண்டும்: மாறுதல், டெண்டர், சீட்டு. காரியம் முடிந்தால் பிடியும் விட்டுப்போகும்.

கூஜா தூக்குதல் வாய்ப்பேச்சு இல்லை, உடல் உழைப்பு. பயணத்தில் பெரியவருக்குத் தண்ணீரும் காபியும் சுமந்து பின்னால் போவது. அடிவருடி, துதிபாடி எல்லாம் மேடைக்கும் தலையங்கத்துக்கும் உரியவை. அலுவலகக் கேன்டீனில் ஒரு கதாபாத்திரம் ‘அவன் ஒரு அடிவருடி’ என்று சொன்னால் வசனகர்த்தா மாட்டிக்கொண்டார் என்று அர்த்தம். அங்கே அல்லக்கை போதும். முகஸ்துதியும் எழுத்துக்குத்தான். அதே பொருளுள்ள இச்சகம் எழுத்திலும் அருகிவிட்டது.

சமூக வலைத்தளங்களில் இப்போது அதிகம் புழங்குவது முட்டுக் கொடுத்தல். சாய்கிற சுவருக்குக் கழி நிறுத்துவது. இதில் புகழ்ச்சி கம்மி, தலைவர் உளறியதற்கு விளக்கம் சொல்வதே வேலை. முட்டுக் கொடுக்கிறவர் பெரும்பாலும் அந்தத் தலைவரை நேரில் பார்த்தேயிருக்கமாட்டார், கேட்க ஒரு காரியமும் இருக்காது. அவர் காக்கா பிடிக்கிறார் என்று எழுதுவது தப்பு.